வெள்ளவத்தையில் ஒரு வெயில் பெட்டி

1997 ஜூன் 11, புதன்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். கட்டுநாயக்காவில் விமானப் படியில் கால் வைத்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். பெட்டி விமானத்தின் வயிற்றில் இருந்தது.

நான் வந்த காரியம் வெயிலை வைத்துக் கடல்நீரைக் குடிநீராக்கிக் காட்டுவது.

ராமநாதபுரத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆசிரியர் கிடைக்காத ஆண்டுகளில் புவியியலும் என் தலையில் விழும். தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாதம் இலங்கையின் எந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டும் என்று கரும்பலகையில் படம் வரைந்து, கொழும்பின் மேல் கொழுத்த அம்புக்குறி ஒன்றும் போடுவேன். அதே மாதத்தில் அதே அம்புக்குறியின் கீழ் நானே வந்து நனைந்துகொண்டு நின்றேன். மாணவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாதது ஒரு ஆறுதல்.

எங்கள் ஊரில் கிணறு தோண்டினால் உப்புநீர்தான். அதனால் வேலையில் இருந்த நாட்களிலேயே வீட்டு மாடியில் ஒரு பெட்டி செய்து வைத்திருந்தேன். பெரிய வித்தை எதுவும் இல்லை. கறுப்பு வண்ணம் பூசிய தகரத் தட்டு, அதில் உப்புநீர், மேலே சாய்வாக ஒரு கண்ணாடி. வெயிலில் நீர் ஆவியாகும், கண்ணாடியின் உட்புறத்தில் துளியாகப் படியும், வழிந்து ஓரத்து வாய்க்காலில் இறங்கி, ரப்பர் குழாய் வழியாகக் கேனில் சேரும். உப்பு தட்டிலேயே தங்கிவிடும். என் மனைவி அந்தத் தண்ணீரைக் கடைசிவரை குடிக்கவில்லை. இஸ்திரி போடப் பயன்படுத்தினாள்.

கீழக்கரையில் என்னிடம் படித்த ஒருவனின் தந்தை கொழும்போடு வியாபாரம் செய்பவர். அவர் என் பெட்டியைப் பற்றிக் கொட்டாஞ்சேனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சலீம் நானாவிடம் சொல்லிவிட்டார். சலீம் நானாவின் அக்கா மன்னாரில் வாழ்க்கைப்பட்டவர். யுத்தத்தில் குடும்பத்தோடு வெளியேறி, ஏழு ஆண்டுகளாகக் கற்பிட்டிப் பக்கம் ஓர் அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் இருக்கிறார். முகாமின் கிணற்றில் உப்பு.

"சேர், தாத்தாட கடைசிப் புள்ளைக்கு ஒரு வயசு. பால்மாவக் கரைச்சா அந்தத் தண்ணில திரைஞ்சு போவுது. புள்ள குடிக்க மாட்டேங்குது." முதல் நாள் கடையின் பின்னறையில் சலீம் நானா சொன்னது இது. இங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பது போல் அக்காவைத் தாத்தா என்பார்கள் என்று தெரியாமல், இந்த வயதில் பிள்ளை பெற்ற கிழவரை நினைத்துச் சற்று நேரம் திகைத்துப் போயிருந்தேன்.

விஷயம் இதுதான். முகாமுக்காக அந்தத் தெருக் கடைக்காரர்கள் சேர்ந்து கொஞ்சம் பணம் திரட்டியிருந்தார்கள். அந்தப் பணத்தில் இருபது பெட்டிகள் செய்யலாம். அல்லது பவுசர், அதாவது தண்ணீர் லாரி, சில மாதங்களுக்கு அமர்த்தலாம். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை.

"ஒரு பெட்டி நாளைக்கு நாலு லீட்டர் தந்தா பெட்டி. இல்லாட்டிப் பவுசர். பவுசர்காரன் இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் கேக்கிறான். நீங்க செஞ்சு காட்டுங்க சேர்."

"நான்கு என்ன, எங்கள் ஊர் வெயிலில்..." என்று தொடங்கினேன். சலீம் நானா ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கூரைத் தாழ்வாரத்தில் இருந்து நீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. வாக்கியத்தை முடிக்காமல், பால் சேர்க்காத பிளேன்டீயைக் குடித்தேன்.

தங்குவதற்கு வெள்ளவத்தையில் அவருக்குத் தெரிந்த வீட்டில் ஓர் அறை. கடலுக்கு மிக அருகே, மேலே மொட்டை மாடி. வீட்டுக்காரர் பரமேஸ்வரி அம்மா, யாழ்ப்பாணத்தவர். மகன் கனடாவில். மகன் விண்ணப்பித்த விசா வரும்வரை காத்திருக்கிறார். மூன்று ஆண்டுகளாகக் காத்திருப்பதால், வருகிறவர்களை உபசரிப்பது அவருக்கு ஒரு முழுநேர உத்தியோகம் ஆகிவிட்டது. முதல் இரவே இடியப்பம், சொதி, சம்பல். பதினான்கு இடியப்பம் தின்றேன். எண்ணியது நான், பரிமாறியவர் எண்ணவில்லை. எங்கள் ஊர் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விடுவோம். இங்கே அதைச் சோறு மாதிரிக் குழைத்துக் குழம்போடு அடிக்கிறார்கள். என்னையும் அடிக்க வைத்தார்கள்.

சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் பெட்டி தயாரானது. மரச்சட்டம், தட்டு, கண்ணாடி எல்லாம் ஒரு முச்சக்கர வண்டியில். காலி நகருக்குப் போகும் காலி வீதியில் சோதனைச் சாவடியில் நேரமாகும் என்று சைகையில் சொல்லி, சாரதி பாமன்கடை வழியாகச் சுற்றினார். சாவடியைத் தவிர்த்தோம். பள்ளத்தைத் தவிர்க்கவில்லை. மடியில் இருந்த கண்ணாடி என் மூக்கின் முன்னாலேயே இரண்டானது. சாரதி திரும்பிப் பார்த்து, சிங்களத்தில் ஏதோ சொன்னார். வீட்டு வாசலில் அவர் அதையே திருப்பிச் சொன்னபோது பரமேஸ்வரி அம்மா மொழிபெயர்த்தார்: "நல்ல காலம், கண்ணாடிக்கு மட்டும்தான் அடி." நல்ல மனிதர். வேறு கண்ணாடி வாங்க அதே வண்டியில் திரும்பிப் போனோம். மீட்டரோ பேரமோ இல்லாத அந்தக் கூலியை இப்போதும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மாடியில் பெட்டியைப் பொருத்தி முடித்தபோது பரமேஸ்வரி அம்மா ஈரத்துணிக் கூடையோடு வந்தார்.

"இதென்ன மாஸ்டர், மீன் வளர்க்கப் போறியளோ?"

விளக்கினேன். ஆவியாதல், ஒடுங்கல், கண்ணாடியின் சாய்வுக் கோணம். அவர் இரண்டு சேலைகளை உதறிக் காயப்போடும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப கொதிச்சாறின தண்ணி எண்டு சொல்லுங்கோவன்."

இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுத்தான் குடிப்பார்கள். அவர் சமையலறையில் அதற்கென்றே கேத்தில் என்ற பெரிய கெண்டி ஒன்று எப்போதும் மூடியோடு இருக்கும்.

"ஆமாம்மா, சுருக்கமாகச் சொன்னால் அதுதான்" என்றேன். முப்பத்திரண்டு ஆண்டுகளில் எந்தப் பாடத்தையும் இத்தனை சுருக்கியதில்லை. சுருக்கியிருக்கக் கூடாது.

ஞாயிறு காலை கடல்நீர் எடுக்கப் போனேன். ரயில் பாதையைக் கடந்தால் கடல். கையில் ஐந்து லிட்டர் கேன் இரண்டு. திரும்பும்போது காவலரணில் இருந்த சிப்பாய் கை காட்டினார். இருபது வயதிருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. இருவருக்கும் கொஞ்சம் ஆங்கிலம்.

"சீயா, இதில் என்ன?"

சீயா என்றால் பாட்டன். மரியாதைதான்.

"கடல் தண்ணீர்."

அவர் கடலைப் பார்த்தார். என் கேனைப் பார்த்தார். மறுபடி கடலைப் பார்த்தார். "இவ்வளவு இங்கேயே இருக்கும்போது வீட்டுக்கு எதற்கு?"

"குடிக்க."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. பெட்ரோலோ என்னவோ என்று அவருக்குச் சந்தேகம். "அப்படியானால் குடியுங்கள்" என்றார். குடித்தேன். ஒரு வாய். அவர் முகத்தில் சந்தேகம் போய்க் கவலை வந்தது. போகச் சொன்னார். மறுநாளும் அதே சிப்பாய், அதே கேன், அதே வாய். மூன்றாம் நாள் வேறொருவர் நின்றார். முதலாமவர் அவரிடம் எதையோ சொல்லிச் சிரித்துவிட்டு, எனக்குக் குடிக்கும்படி சைகை காட்டினார். கடலிலிருந்து உப்பை எடுக்க வந்தவன், கொழும்பில் வேறு எவரையும்விட அதிகமாக உப்பைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

வயிறு என்ன செய்யும்? செய்தது.

"மாஸ்டருக்கு வயிறு சரியில்லை" என்று பரமேஸ்வரி அம்மா முடிவுசெய்து, கேத்திலில் ஒரு கை சீரகத்தைப் போட்டுக் கொதிக்க வைத்தார். அன்று முதல் காலை, மதியம், இரவு எனக்குச் சீரகத் தண்ணீர்தான்.

பெட்டியின் கணக்கை மாடிச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதினேன். முதல் நாள், அரைகுறை வெயிலில், 1,850 மில்லிலிட்டர். அதை நெல்லிச்சாறு வந்த பழைய போத்தல்களில் ஊற்றி மாதிரிக்காக மூடி வைத்தேன். திங்கள் 1,240. செவ்வாய் 900, எழுதிய ஒன்பதை மழை வந்து அழித்தது. அன்று இரவு சாப்பிடும்போது பெருமூச்சு விட்டேன் போலிருக்கிறது. எனக்குத் தெரியாது. பரமேஸ்வரி அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

"எவ்வளவு வரவேணும் மாஸ்டர்?"

"நான்கு லிட்டர் வந்தால்தான் அந்தப் பிள்ளைகளுக்குப் பெட்டி போகும் அம்மா."

"ஐயோ பாவம்" என்றார். பிள்ளைகளைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று அப்போது கேட்கவில்லை.

புதன்கிழமை முதல் நிலைமை மாறியது. புதன் 2,300. வியாழன் 3,100. வெள்ளிக்கிழமை சூரியன் ஒரு முறைகூடத் தலைகாட்டவில்லை. பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். அன்று 4,150.

வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் படித்தவன், எனவே கோட்பாடு கண்டுபிடித்தேன். மழை கண்ணாடியின் மேற்புறத்தைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த கண்ணாடியில் ஆவி விரைவாகப் படிகிறது. ஆகவே பருவமழைப் பிரதேசங்களில் என் பெட்டி வெயில் பிரதேசங்களைவிடச் சிறப்பாக வேலை செய்யும்! தண்ணீரில் லேசான மஞ்சள் தெரிந்தது. புது ரப்பர் குழாயின் சாயம் என்று அதற்கும் ஒரு விளக்கம் தயார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணிநேரம் தூங்கி எழுந்து, இரண்டு பக்கம் கட்டுரையும் எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை 4,400. தொலைபேசிக் கடைக்குப் போய்ச் சலீம் நானாவை அழைத்தேன்.

"நாலுக்கு மேலயா? இந்த மழைக்கா?" எண்ணை இரண்டு முறை சொல்ல வைத்தார். "செவ்வாய்க்கிழமை தாத்தா வாறா சேர். வந்து காட்டுங்க. அவ சரியெண்டா கண்ணாடிக்குச் சொல்லிட்டு, பவுசர்காரனுக்கு வேணாமெண்டு சொல்லிடுவேன்."

செவ்வாய்க்கிழமை பரமேஸ்வரி அம்மாவும் உடன் வந்தார். கொழும்பில் செவ்வாய் என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் நாள், இந்துக்களும் போகிறார்கள். விசாவுக்காக அவருக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. அவர் கையில் மெழுகுதிரி, என் கையில் சனிக்கிழமைக் கேனும் முதல் நாள் போத்தல்களும். பஸ்ஸில் ஏறியதும் நடத்துனர் எல்லாரையும் முன்னுக்குப் போகச் சொல்லிச் சிங்களத்தில் விரட்டினார். எங்கள் ஊர் நடத்துனர் தமிழில் விரட்டுவார், அடிக்குரலில் வித்தியாசமில்லை. சாவடியில் எல்லாரும் இறங்கி நடந்து, மறுபுறம் ஏற வேண்டும். பெண் பொலிஸ் என் கேனைத் தட்டினார். நான் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தேன். பரமேஸ்வரி அம்மா முந்திக்கொண்டு கேனைத் திறந்து, தாமே ஒரு மிடறு குடித்துக் காட்டிப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையை என் கண்டுபிடிப்புக்கான பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சலீம் நானாவின் அக்கா பின்னறையில் காத்திருந்தார். முக்காடு போட்ட, மெலிந்த பெண்மணி. என் விளக்கத்தை அவர் கேட்கவில்லை. பையிலிருந்து பால்மாத் தகரப் பேணியையும் ஒரு கண்ணாடிக் குவளையையும் எடுத்தார். கேன் தண்ணீரை ஊற்றி, இரண்டு கரண்டி மா போட்டுக் கலக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாங்கள் மூவரும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம்.

பால் திரையவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சலீம் நானா தொலைபேசிப் பக்கம் திரும்பினார்.

அந்தப் பெண்மணி குவளையை வாயில் வைத்து ஒரு மிடறு குடித்தார். புருவம் சுருங்கியது.

"சீரகம் மணக்குது."

"அது கடல்பாசியின் வாசனையாக இருக்கலாம்" என்றேன் நான். தயக்கமே இல்லாமல், வகுப்பறைக் குரலில். "ஆவியாகும்போது சில கரிமப் பொருட்கள்..."

"சேர், நான் பதினெட்டு வருசம் மன்னார்க் கடலோட இருந்தவ. கடல்ல சீரகம் விளையாது."

நான் கேனை முகர்ந்தேன். ஒரு வாரமாக என் நாக்கு, மூக்கு, வயிறு எல்லாம் சீரகம். எனக்கு எதுவும் தெரியவில்லை. பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான்தான் மாஸ்டர் விட்டனான்."

பரமேஸ்வரி அம்மா மெழுகுதிரிப் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒவ்வொரு நாளும் மத்தியானம் உடுப்பெடுக்கப் போகேக்கை பாப்பன். கேன் பாதிதான் நிறைஞ்சிருக்கும். நீங்கள் பெருமூச்சு விடுறியள். அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காதெண்டு சொன்னியள். அதுதான், கேத்திலுக்குள்ளை இருந்ததைக் கொஞ்சம் விட்டனான். கெட்ட தண்ணி இல்லை மாஸ்டர். நீங்கள்தானே சொன்னியள், கொதிச்சாறின தண்ணி எண்டு!"

இரண்டு பக்கக் கட்டுரை என் சட்டைப் பையில் இருந்தது. அது கனப்பது போல் இருந்தது.

இட்லியை எண்ணுவேன், இடியப்பத்தை எண்ணுவேன், பஸ் ஜன்னலில் இருந்து தந்திக் கம்பங்களை எண்ணுவேன். பெட்டியில் ஊற்றிய கடல்நீரில் எவ்வளவு குறைந்தது என்று மட்டும் அளக்கவில்லை. அளந்திருந்தால் புதன்கிழமையே பிடிபட்டிருக்கும். என் மாணவன் எவனாவது இப்படிச் சோதனை செய்து கொண்டுவந்திருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன்.

"மெய்யா எத்தின சேர்?" சலீம் நானாவின் கை இன்னும் தொலைபேசியின் மேலேயே இருந்தது.

"யாரும் ஊற்றாத நாட்களில் ஒன்றே முக்காலைக் கொஞ்சம் தாண்டியது ஒருநாள், மற்ற நாட்களில் அதற்கும் கீழே. கற்பிட்டி வெயிலில் மூன்று வரலாம். நான்கு வராது. நான் சொன்ன நான்கு தப்பு."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்தது. பிறகு எண்ணைச் சுழற்றினார். பவுசர்காரரிடம் பேசினார்: "ஓம். பவுசர அனுப்புங்க. ஒண்டாம் திகதில இருந்து." வைத்துவிட்டு, "தாத்தா வராம, நீங்க போன்ல சொன்னத மட்டும் வச்சு நான் அவனுக்கு இல்லையெண்டு சொல்லிருந்தா?" என்றார். முகாமின் எல்லா வீட்டுக் குடங்களும் அந்த ஒரு வாக்கியத்தில் வரிசையாக நின்றன.

அந்தப் பெண்மணி என் மற்றக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் போத்தல்ல என்ன?"

"முதல் நாள் தண்ணீர். அதில் யாரும் எதையும் ஊற்றவில்லை." பரமேஸ்வரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அவசரமாகத் தலையாட்டினார்.

குவளையைக் கழுவி மறுபடி கலக்கினார். மறுபடி ஜன்னல் வெளிச்சம். வெள்ளையாக, ஒரு கட்டி இல்லாமல் இருந்தது. குடித்துப் பார்த்தார்.

"சப்பெண்டு இருக்கு. ஆனாத் திரையேல்ல." குவளையைக் கீழே வைத்தார். "பவுசர் வாற நாள்ல எல்லாருக்கும் தண்ணி. வராத நாள்ல புள்ளைக்கு? அந்தப் பெட்டிய நீங்க திருப்பிக் கொண்டுபோகவா போறீங்க சேர்?"

"இல்லை."

"அப்ப எனக்குத் தாங்க. மூணு லீட்டர் ஒரு புள்ளைக்குத் தாராளம்."

சலீம் நானா பணம் தர வந்தார். வாங்கவில்லை. தப்பான எண்ணுக்கு நான் கட்டும் அபராதமாக இருக்கட்டும் என்றேன். அவர் முதல் முறையாகச் சிரித்தார். "சேர், அபராதம் ரெண்டு பேருக்கும்தான். கற்பிட்டிக்கு லொறிக்கூலி நான் தாறேன்." அதையும் அவர் தர நான் விடவில்லை.

அந்தோனியாருக்குத் திரி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பரமேஸ்வரி அம்மா பஸ்ஸில் டிக்கெட்டை மடித்துப் பிரித்துக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார்:

"கோபமோ மாஸ்டர்?"

"உங்கள் மேல் இல்லை அம்மா."

"நீங்கள் மத்தியானத்திலை நித்திரை கொள்ளாம இருந்திருந்தா, எனக்கு விட ஏலாமல் போயிருக்கும்" என்றார். பாதிக் குற்றம் என் பக்கம் வந்து சேர்ந்ததும் அவர் முகம் தெளிந்தது. அன்று இரவு எனக்குப் பாண் என்ற ரொட்டியும் பருப்பும். தண்ணீர் கேட்டபோது, "சீரகம் போட்டதோ, போடாததோ?" என்று கேட்டார்.

ஊர் திரும்பி மூன்று மாதங்களுக்குப் பிறகு, கீழக்கரைக்காரர் கொழும்பிலிருந்து ஒரு செய்தி கொண்டுவந்தார். பெட்டி கற்பிட்டியில் கொட்டிலுக்கு வெளியே நிற்கிறது. நல்ல வெயில் நாளில் நான்கு போத்தலுக்குக் கிட்ட வருகிறது. ஒரு போத்தல் முக்கால் லிட்டர்; மூன்றுதான், நான் சொன்ன கணக்கு. பால் திரைவதில்லை, பிள்ளை குடிக்கிறது. எப்போதாவது மிச்சமிருந்தால் பெரியவர்கள் குடிக்கிறார்கள். வெறும் தண்ணீர் சப்பென்று இருப்பதால், அதில் கொஞ்சம் சீரகம் போட்டுக்கொள்கிறார்களாம்.

பயணச் செலவை விட்டுவிடுகிறேன். பெட்டிக்கு மட்டும், உடைந்த கண்ணாடி, முச்சக்கர வண்டி, லாரிக் கூலி உட்பட, எனக்கு ஆனது மூவாயிரத்து எழுநூற்று நாற்பது இலங்கை ரூபாய். இதில் சீரகம் சேரவில்லை. பரமேஸ்வரி அம்மா அதன் விலையைக் கடைசிவரை சொல்லவில்லை.